சின்னக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல்: எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் எங்கே போவது?

நீங்கள் கேட்டது இது: திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு, 82 சதவீதம், அரியர் இல்லை. எம்.எஸ்சி. எங்கே சேரலாம், அதற்கப்புறம் பிஎச்.டி. இந்தியாவிலா அமெரிக்காவிலா, நல்ல பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா? கடைசி வரியில், "எங்கள் கல்லூரியை வெளியில் யாருக்கும் தெரியாது" என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பட்டியலை நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

நான் கனிம வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறேன். இந்தியாவில் பிஎச்.டி., பிறகு அமெரிக்காவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி), இப்போது ஆராய்ச்சி மாணவர்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் உட்காருகிறேன். ஆகவே லேபில் கைவைத்துச் செய்யும் வேதியியலைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கணினி வழி வேதியியல் பக்கம் போவதாக இருந்தால், கருவிகளைப் பற்றிக் கீழே சொல்வது உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தேர்வு விதிகள் அடிக்கடி மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

முதலில், சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயம். உங்கள் கல்லூரியின் பெயரைக் கேட்காமல் உள்ளே விடுகிற வாசல் ஒன்று இருக்கிறது. அது எம்.எஸ்சி. சேர்க்கைக்காக நடக்கும் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. இடங்களுக்கு அதுதான் வழி. எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் ஒன்றாகச் சேர்ந்த, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுவே. திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களின் எம்.எஸ்சி. இடங்களும் ஜாம் மதிப்பெண்ணை வைத்துத்தான் பொதுக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 30 கேள்விகளுக்கு ஒரே விடை, 10 கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கலாம், மீதி 20-க்கு எண்ணாகவே விடை எழுத வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைவது முதல் வகையில் மட்டும்தான். எண் விடைக் கேள்விகளில் குறைப்பு இல்லை என்பதால் அவற்றில் ஒன்றைக்கூட வெறுமையாக விட்டு வரக்கூடாது.

உங்கள் 82 சதவீதம் இந்தத் தேர்வில் பெரிதாக உதவாது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிப் பழகியிருப்போம். கிளாசியஸ் கிளாப்பிரான் சமன்பாட்டை வருவித்து எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். ஜாமில் இரண்டு வெப்பநிலையையும் ஓர் ஆவியழுத்தத்தையும் ஆவியாதல் வெப்பத்தையும் கொடுத்து, இன்னோர் ஆவியழுத்தம் எவ்வளவு என்று இரண்டு தசம இடம் வரை கேட்பார்கள். பாடம் ஒன்றுதான், கேட்கிற விதம் வேறு. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோச்சிங் சேருவதற்கு முன் ஒரு முழுத் தாளை மூன்று மணி நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் பௌதிக வேதியியல் கணக்கிலும் கரிம வேதியியலின் ஸ்டீரியோ கெமிஸ்ட்ரியிலும்தான் இருக்கும்.

ஜாம் சரியாக வராவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் சி.யு.இ.டி. (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வு வழியாக எம்.எஸ்சி.க்கு ஆள் எடுக்கின்றன. அதிலும் ஹைதராபாத்தின் வேதியியல் துறை நாட்டின் மிகச் சிறந்த துறைகளில் ஒன்று. ஐ.ஐ.டி. என்கிற மூன்றெழுத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இரண்டிலும் வேதியியலுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு.

இனி என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருப்பார்கள். எம்.எஸ்சி.யில் பார்க்க வேண்டியது தரவரிசை எண்ணை அல்ல. ப்ராஜெக்ட் எத்தனை மாதம், அதை எங்கே செய்யலாம், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் மாணவர் தன் சாம்பிளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுச் சூழ்நிலையால் ஊருக்குப் பக்கத்திலேயே எம்.எஸ்சி. படிக்க வேண்டியிருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ப்ராஜெக்டை வெளியே கொண்டுபோகப் பாருங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். திருவனந்தபுரத்தில் ஐசர் (IISER) என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது, சி.எஸ்.ஐ.ஆரின் என்.ஐ.ஐ.எஸ்.டி. (NIIST) ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. நாகர்கோவில் வழியாக ரயிலில் சில மணி நேரப் பயணம். எம்.எஸ்சி. முதலாண்டில் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சியாளரின் லேபில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

ஐ.ஐ.எஸ்சி. ஒருங்கிணைந்த பிஎச்.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை. மாதாமாதம் உதவித்தொகை வரும், மறுபடி பிஎச்.டி. சேர்க்கைக்கு அலைய வேண்டாம், கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்றால் என்னவென்று லேபில் பார்ப்பதற்கு முன்பே, இருபது வயதில், ஏழெட்டு வருடத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். அது பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல வழி இந்தியாவில் இல்லை. தெரியாதவர்கள் தனி எம்.எஸ்சி.யில் சேர்வதே நிம்மதி.

இந்தியாவில் பிஎச்.டி. என்று வந்தால் இரண்டு தேர்வுகள் முக்கியம்: சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் உங்கள் உதவித்தொகையை நீங்களே கையில் கொண்டுபோகிறீர்கள். 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கைடு, அதாவது ஆராய்ச்சி வழிகாட்டி, தன் நிதியிலிருந்து உங்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் கதவுகள் சுலபமாகத் திறக்கும். வேதியியல் தாளின் அமைப்பைப் புரிந்துகொண்டு படியுங்கள். ஏ பகுதியில் 20-க்கு 15, பி பகுதியில் 40-க்கு 35, சி பகுதியில் 60-க்கு 25 கேள்விகள் எழுதினால் போதும். மொத்தம் 200-ல் 100 மதிப்பெண் அந்த சி பகுதியில் இருக்கிறது, அங்கே பாதிக்கும் மேல் விட்டுவிட அனுமதியும் இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் நுனிப்புல் மேய்ந்தவர்களைவிட, இரண்டு மூன்று பகுதிகளை ஆழமாகப் படித்தவர்களுக்குச் சாதகமான தாள் இது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும், ஐ.ஐ.டி.களின் பிஎச்.டி. நேர்முகத்துக்கு அது போதும். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்பதால் ஒரு பயிற்சியாக இப்போதே எழுதிப் பார்க்கலாம்.

இந்தத் தேர்வுகளெல்லாம் உங்களை நேர்முக அறையின் வாசல் வரைதான் கொண்டுபோகும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களில் பலருடைய எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் ஒரே மாதிரி இருக்கும்: ஏதாவது ஓர் இலைச் சாற்றில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்த்து வெள்ளி நானோ துகள் தயாரிப்பது. கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாகும், யூ.வி. கருவியில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வரும், எக்ஸ்.ஆர்.டி.யை (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) வெளியே பணம் கட்டி எடுத்திருப்பார்கள், கடைசியில் இரண்டு பாக்டீரியா மீது சோதித்திருப்பார்கள். தலைப்பைக் கேட்டதுமே குழு முகம் சுளிக்கும் என்று பயந்துகொண்டு வருவார்கள். தலைப்பு எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. நாங்கள் கேட்பது, "பழுப்பானது வெள்ளியாலா, இலைச் சாறு தானாகவே பழுப்பானதா? எப்படித் தெரியும்?" என்பதைத்தான். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி சொன்னார்: "சில்வர் நைட்ரேட் சேர்க்காமல் வெறும் சாற்றைப் பக்கத்துச் சோதனைக் குழாயில் வைத்திருந்தேன். அதுவும் லேசாக நிறம் மாறியது, ஆனால் 420-ல் மேடு வரவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்தபோது வெள்ளி சேர்த்ததில் மேடு அகலமாகி நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்திருந்தது, குப்பியின் அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும்." அதற்குப் பிறகு கேட்ட, எக்ஸ்.ஆர்.டி.யிலிருந்து துகளின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டுக் கேள்வியில் அவர் தடுமாறினார். அது பெரிய விஷயமாகவே எங்களுக்குப் படவில்லை. அவர் எந்தக் கல்லூரி என்று மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் கோப்பைப் புரட்டிப் பார்த்தோம். அதுவும் யாருக்கும் அதிகம் தெரியாத கல்லூரிதான்.

ஆகவே ப்ராஜெக்ட் எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு படியிலும் ஏன் இந்தக் கரைப்பான், ஏன் இந்த வெப்பநிலை, இது நடக்கவே இல்லை என்று ஒருவர் வாதிட்டால் என்ன ஆதாரம் காட்டுவேன் என்று யோசித்து நோட்டில் எழுதி வையுங்கள். இதோடு, பிடித்த பாடம் என்று எதைச் சொல்கிறீர்களோ அதில் அடிப்படையைக் குடைவார்கள். ஆக்சிஜன் மூலக்கூறின் ஆர்பிட்டால் வரைபடத்தைப் போட்டு அது ஏன் காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது என்று காட்டச் சொல்வது இன்றும் கேட்கப்படும் கேள்வி. ஆங்கிலம் தடுக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். எழுந்துபோய் போர்டில் வரையுங்கள், வாக்கியம் தானாக வரும்.

இப்போது கைடு. நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான். எம்.எஸ்சி.யைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு துறையில் சேருகிறீர்கள். பிஎச்.டி.யில் ஒரு லேபில், ஒரு மனிதரிடம் சேருகிறீர்கள். பெயர் பெற்ற நிறுவனத்திலும் ஏழு வருடம் இழுத்தடிக்கும் லேப் உண்டு, சாதாரணப் பல்கலைக்கழகத்திலும் நாலரை வருடத்தில் நல்ல வேலையோடு அனுப்பிவைக்கும் லேப் உண்டு. இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, சோத்கங்கா தளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அதில் முழுதாகக் கிடைக்கும். நீங்கள் நினைக்கும் கைடின் பழைய மாணவர்கள் மூன்று நான்கு பேரின் ஆய்வேட்டை எடுங்கள். பதிவு செய்த ஆண்டு, சமர்ப்பித்த ஆண்டு இரண்டையும் பாருங்கள். கட்டுரைப் பட்டியலில் அந்த மாணவர் எத்தனை இடத்தில் முதல் ஆசிரியராக இருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் நன்றியுரையை நிதானமாகப் படியுங்கள். என்.எம்.ஆர். எடுத்துக் கொடுத்ததற்கு வேறு ஊர் நிறுவனத்துக்கு நன்றி சொல்லியிருந்தால், உங்கள் சாம்பிளும் கூரியரில் போய்த்தான் திரும்பும் என்று அர்த்தம். சீனியர்களின் பெயர் வரிசையாக இருந்தால் லேபில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை லிங்க்ட்இனில் தேடலாம். இரண்டு பேருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். ஒருவர் குறை சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிஎச்.டி. முடிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் ஏதாவது வருத்தம் இருக்கும். மூன்று பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை நம்புங்கள்.

வயதையும் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்க முடியாது. ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடம் சேரலாமா என்று பலர் தயங்குவார்கள். நான் சேரலாம் என்பேன். அவரும் தன்னை நிரூபிக்க வேண்டிய நிலையில் இருப்பார், லேபில் உங்கள் பக்கத்திலேயே நின்று வேலை செய்வார். ஆனால் அவரிடம் ப்ராஜெக்ட் நிதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் தீராவிட்டால், அதே லேபில் ப்ராஜெக்ட் வேலைக்கு விளம்பரம் வரும்போது ஆறு மாதம் சேர்ந்து பாருங்கள். சம்பளமும் வரும், லேபின் உள்நிலவரமும் தெரியும்.

அமெரிக்காவைப் பற்றி. வேதியியல் பிஎச்.டி.க்கு அங்கே மாணவர் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. பாடம் எடுக்க உதவுவதற்கோ ஆராய்ச்சிக்கோ உதவித்தொகை தருவார்கள், கட்டணமும் தள்ளுபடி. கட்டணம் கட்டிப் படிக்கும் எம்.எஸ். படிப்புக்குக் கடன் வாங்கிப் போகச் சொல்லும் ஏஜென்ட் யாராவது வந்தால், வேதியியலைப் பொறுத்தவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மூன்றாண்டு பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு நேராக விண்ணப்பித்தால் சில இடங்களில் ஏற்பார்கள், பல இடங்களில் நான்காண்டுப் பட்டம் கேட்பார்கள். எம்.எஸ்சி. முடித்தவருக்கு இந்தச் சிக்கல் வராது. அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ.யில் வேதியியலுக்கான பாடத் தேர்வு 2023-உடன் நின்றுவிட்டது, பொது ஜி.ஆர்.இ.யையும் பல துறைகள் கேட்பதில்லை. டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு தேவைப்படும். லேப் வகுப்பு எடுக்க வேண்டியிருப்பதால் அதில் பேச்சுப் பகுதி மதிப்பெண்ணைக் குறிப்பாகப் பார்ப்பார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்வது வழக்கம்.

அங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பது துறையின் குழு. கைடை முதலாண்டில் நீங்கள் தேடிக்கொள்வீர்கள். அதனால் ஒரே ஒரு பேராசிரியருக்காக ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். அவர் வேறு இடத்துக்குப் போகலாம், அந்த வருடம் ஆள் எடுக்காமல் இருக்கலாம். மனதுக்குப் பிடித்த லேப் குறைந்தது மூன்று இருக்கும் துறைகளை மட்டும் பட்டியலில் வையுங்கள். பெரிய பெயர்கள் மட்டுமே இருக்கும் பட்டியல் ஆபத்து, விண்ணப்பக் கட்டணமும் டாலரில் போகும். சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிஎச்.டி. பட்டம் பெற்றது ஒஹாயோ பல்கலைக்கழகத்தில், அதுவும் இயற்பியலில். இன்னொன்று, 2025-ல் ஆராய்ச்சி நிதி வெட்டுகளால் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவை மட்டும் நம்பி நெட்டையும் கேட்டையும் விட்டுவிட வேண்டாம்.

ஜெர்மனியில் இது தலைகீழ். பிஎச்.டி. அங்கே பெரும்பாலும் ஒரு வேலை. பேராசிரியரே நேரடியாக எடுப்பார், ஆகவே அவருக்குப் போடும் மெயில்தான் விண்ணப்பம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி.க்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும். அந்தத் தொகையைக் கடன் வாங்கித்தான் புரட்ட முடியும் என்றால், இங்கேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டு நேரே பிஎச்.டி. வேலைக்குப் போவதுதான் எளிது.

எங்கே விண்ணப்பித்தாலும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நம் பக்கம் மாணவரே தட்டச்சு செய்துகொண்டுபோய்த் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குவது பழக்கமாகிவிட்டது. அப்படி வரும் கடிதங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், படிப்பவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பதவி பெரியவரிடம் போகாமல் லேபில் உங்களைப் பார்த்தவரிடம் போங்கள். என்ன செய்தீர்கள், எது வரவில்லை, திரும்ப எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள், கடிதத்தை அவரே எழுதட்டும். "விளைச்சல் குறைந்தபோது கரைப்பானை மறுபடி உலர்த்திப் பார்த்தார்" என்கிற ஒரு வரி, "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று நிரப்பிய முழுப் பக்கத்தைவிட வலுவானது. நோக்க அறிக்கையிலும் சிறு வயது ஆர்வத்தை விட்டுவிட்டு, நீங்கள் கையில் எடுத்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கனிமமா, கரிமமா, பகுப்பாய்வா, எதைச் செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். தெற்கே எந்த லேப்களின் ஆய்வேடுகளை முதலில் எடுத்துப் படிக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.